கஞ்சியோடு நின்றுவிடலாமா?

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். வள்ளுவரும் 'மருந்து' என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் சூட்டிவிட்டு, அதில் பெரும்பகுதியும் சாப்பாட்டைப் பற்றியே பேசுகிறார். நொறுக்குவதற்குத் தாடை திறக்க வேண்டும், நனைப்பதற்கு உமிழ்நீர் ஊற வேண்டும், உள்ளே தள்ளுவதற்கு நாக்கு வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே விளங்கும் என்று விட்டுவிட்டார்கள் போலும். வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து, மறுபடியும் சோற்றுக்குத் திரும்புகிறவர்கள் இம்மூன்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லித் தர நம் பக்கத்தில் ஆள் போதவில்லை. வீட்டிலுள்ளவர்களோ அன்பின் மிகுதியால் கஞ்சியோடு நிறுத்திவிடுகிறார்கள். இது சரியல்ல என்பது என் கருத்து. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நாக்கின் இடது ஓரத்தில் ஒரு புண். அறுவைச் சிகிச்சையில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, என் முன்கைத் தோலையே வெட்டி அங்கே தைத்து வைத்திருக்கிறார்கள். பிறகு வாரத்துக்கு 5 நாள் என்று 6 வாரம், 30 முறை கதிர்வீச்சு. தோப்பும்படிப் பாலத்தைத் தாண்டி எறணாகுளம் போவதும் வருவதுமாக அந்த நாட்கள் போயின. நோய் போய்விட்டது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஏன் வந்தது, எதனால் வந்தது என்ற விசாரணையை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் வாய்ப் புற்றுநோய் காணும் மூவரில் ஒருவருக்கு மேல் இந்தியர். ஆகவே இது என் ஒருவன் வீட்டுச் சமாச்சாரம் அல்ல.

கதிர்வீச்சின் கடைசி நாளன்று எல்லோரும் கையைக் குலுக்கி அனுப்புவார்கள். வீட்டில் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதெல்லாம் நிறைவேற்றுவார்கள். அசல் கஷ்டம் அதற்குப் பிறகுதான் என்பதை அநேகம் பேர் அறிவதில்லை. கதிர்வீச்சு தொடங்கி இரண்டு, மூன்று வாரத்தில் வாய் புண்ணாகிறது. சிகிச்சை நின்ற பிறகும் அந்தப் புண் சில வாரங்களுக்கு ஆறுவதில்லை. நாளொன்றுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், சிலருக்கு ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீர், கதிர் பட்ட சுரப்பிகளால் வற்றிப் போகிறது. மிச்சமிருப்பது பசை போன்ற கோழை. ருசி மாதக் கணக்கில் காணாமல் போகும். எனக்குச் சர்க்கரைப் பொங்கலும் சுண்ணாம்பும் ஒன்றுபோல் இருந்த காலம் உண்டு. அதோடு தாடைத் தசைகள் மெல்ல மெல்ல இறுகும். நம் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்களுக்கிடையில் நுழைத்தால் நுழைய வேண்டும். வாய் 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் அது இறுக்கம் என்கிறார்கள் டாக்டர்கள்.

இவ்வளவு மாற்றங்களோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட என் கையில் இருந்த காகிதத்தில் உணவைப் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி: மென்மையான உணவு, காரம் தவிர்க்கவும். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்வது என் நோக்கமல்ல. மற்ற இடங்களில் சிகிச்சை பெற்ற சிலரிடமும் விசாரித்தேன். அவர்கள் காகிதத்திலும் ஏறக்குறைய இதே வரிதான். நாக்கை வெட்டித் தைக்கத் தெரிந்த கைகளை நான் இன்றும் கும்பிடுகிறேன். அந்த நாக்கால் எப்படிச் சாப்பிடுவது என்பதற்கு ஒரு வரி போதுமா என்பதுதான் என் கேள்வி.

மென்மையான உணவு என்றால் நம் வீடுகளில் கஞ்சி. எங்கள் வீட்டிலும் அப்படியே. கேரளத்துக் கஞ்சி எப்படி இருக்கும் என்று இங்கே வாழும் நமக்குத் தெரியும். மட்டை அரிசியின் பருத்த பருக்கைகள் அடியிலும், தெளிந்த நீர் மேலுமாக இருக்கும். காய்ச்சல்காரனுக்கு இதைவிட இதமானது கிடையாது. ஆனால் விழுங்குதல் பழுதுபட்டவனுக்கு இது மிகவும் கஷ்டமான உணவுகளில் ஒன்று என்று பின்னால் ஒரு பயிற்சியாளர் விளக்கியபோது நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே வாயில் தண்ணீரும் பருக்கையும் சேர்ந்து போனால், தண்ணீர் முதலில் ஓடி மூச்சுக்குழலுக்குள் நுழையப் பார்க்கிறது. பருக்கையோ பின்தங்கி நாக்கின் ஓரத்தில் தேங்குகிறது. அதனால்தான் ஒவ்வொரு வாய்க்கும் இருமல். அதே அரிசியைக் குழைய வேகவைத்து, மசித்து, தேங்காய்ப்பாலோ நெய்யோ சேர்த்து ஒரே பதமாக்கிவிட்டால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. ஒரே அரிசி, ஒரே அடுப்பு, பதத்தில்தான் வித்தியாசம். பாதி தண்ணீரான கஞ்சியில் வயிறு நிரம்பும், உடம்பில் சதை ஏறாது என்பது இன்னொரு குறை. நான் 11 கிலோ இழந்தேன்.

பதத்துக்கு இன்று உலகம் முழுதும் ஒரு பொது அளவுகோல் இருக்கிறது. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்று அதைச் சொல்கிறார்கள். தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. இடையில் கூழ் 4, பொடியாக மசித்து ஈரமாக்கியது 5, மென்மையான சிறு துண்டுகள் 6. ஐந்தாம் படியில் துண்டு 4 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆறாம் படியில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை இருக்கலாம். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்கு ஒரு முள்கரண்டியால் அழுத்தினால் உணவு நசுங்க வேண்டும், நசுங்கியது மறுபடி எழக் கூடாது. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முள்கரண்டி இல்லாத நம் வீடுகளில் இந்தச் சோதனையைக் காலங்காலமாக விரல்கள்தாம் செய்து வந்திருக்கின்றன. சோற்றைப் பிசையும்போதே கெட்டியானது விரலுக்குத் தட்டுப்படும், மீன் முள் தட்டுப்படும். பச்சைக் குழந்தைக்குப் பிசைந்து ஊட்டிய எந்தத் தாய்க்கும் ஐந்தாம் படி எது, ஆறாம் படி எது என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. தன் கணவனுக்கும் இப்போது அதே பிசைதல்தான் வேண்டும் என்று மட்டும் யாராவது சொல்ல வேண்டும்.

மட்டாஞ்சேரிச் சமையலறையில் இதற்கு வழியும் நிறைய உண்டு. வறண்ட வாய்க்குப் புட்டு ஆகாது. அது உதிர்ந்து எல்லாப் பக்கமும் சிதறும். ரொட்டி களியாகி அண்ணத்தில் ஒட்டும். மரச்சீனிக் கிழங்கும் பசைபோல் பிடித்துக்கொள்ளும். நம் இட்லிகூட அப்படியே சாப்பிட்டால் பஞ்சுபோல் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பருப்புத் தண்ணீரில் ஊற வைத்து மசித்தால் பரவாயில்லை. எனக்குக் கைகொடுத்தது ஆப்பத்தின் நடுப்பகுதி, தேங்காய்ப்பாலில் ஊறியது. பிறகு இடியாப்பம், ஆவியில் வெந்து நசுக்கிய நேந்திரம் பழம், முள் நீக்கி மிளகாய் போடாமல் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீன். மென்று தின்னும்படியான ஒரு தோசையை நான் எட்டியது ஐந்தாம் மாதம். சப்பாத்தி இன்றும் ஆகாது. மிளகுக் கடையிலேயே வாழ்நாளைக் கழித்தவனுக்கு மிளகு இன்றும் எரிகிறது.

ஆனால் பதம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். பேச்சுப் பயிற்சி தருகிறவர்கள்தாம் விழுங்குவதற்கும் பயிற்சி தருகிறார்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாது. திக்கிப் பேசும் குழந்தைகளுக்குத்தான் அவர்கள் என்று எண்ணியிருந்தேன். சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் கழித்து, தெரிந்தவர் ஒருவர் சொல்லி எறணாகுளத்தில் ஒரு மலையாளப் பெண்ணிடம் போனேன். என் மகளைவிட இளையவள். "அங்கிள், தொண்டையும் ஒரு தசைதான். சும்மா வைத்தால் துருப்பிடிக்கும்" என்றாள். ஒருவாய் விழுங்க முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் ஒத்துழைக்க வேண்டுமாம். நாக்கு நுனியைப் பற்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு விழுங்குவது, விழுங்கும்போது குரல்வளையை மேலேயே சற்று நிறுத்திப் பிடிப்பது, மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது என்று தினமும் செய்யச் சொன்னாள். தாடைக்கு ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையில் வைக்க வேண்டும். முதல் நாள் 11 குச்சி நுழைந்தது. நான்கு மாதத்தில் 16. இந்தப் பாடத்துக்குச் செலவு அந்தக் குச்சிகளின் விலைதான். அளவும் முறையும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே தொடங்க வேண்டாம்.

அவள் சொன்னதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டனிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 497 பேரைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. சிகிச்சைக் காலத்திலும் ஏதேனும் சிறிதளவு வாயால் விழுங்கிக்கொண்டே, பயிற்சியையும் விடாமல் செய்தவர்கள்தாம் பிற்பாடு சாதாரணச் சாப்பாட்டுக்கு அதிக அளவில் திரும்பினார்கள். இரண்டையும் விட்டவர்கள் பின்தங்கினார்கள். இந்த ஓர் ஆய்வு எல்லாவற்றையும் நிரூபித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல நிலையில் இருந்தவர்களால்தான் தொடர்ந்து சாப்பிட முடிந்தது என்றும் ஒருவர் வாதாடலாம். ஆனாலும் எந்தத் தசைக்கும் பொருந்துகிற நியாயம் தொண்டைக்கு மட்டும் பொருந்தாமல் போகுமா?

மூக்குவழிக் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரைல்ஸ் டியூப் போட்டாலே "ஆள் அவ்வளவுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உறவினர் ஒரு பக்கம். குழாய்தான் இருக்கிறதே, இனி வாய் எதற்கு என்று நிம்மதியடைகிறவர்கள் மறுபக்கம். குழாய் என்பது உடம்பு இளைக்காமல் காப்பதற்கு. டாக்டர் தடுக்காத வரையில், அது இருக்கும்போதே நாளைக்கு நாலு வாயாவது விழுங்கப் பழக வேண்டும்.

"உயிர் பிழைத்ததே பெரிது, கஞ்சி குடித்தால் என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்பவர்கள் உண்டு. திருநெல்வேலியிலிருந்து என் அக்காள் போன் செய்யும்போதெல்லாம், "தம்பி, பேசாம கஞ்சியாவே குடிச்சிரு. சோறு எங்க போயிரப் போவுது?" என்பாள். அவள் பயமும் நியாயமானதே. கதிர்வீச்சுக்குப் பின் தொண்டையில் உணர்ச்சி மழுங்கியிருக்கும். உணவு மூச்சுக்குழலில் இறங்கினாலும் சிலருக்கு இருமலே வராது. சாப்பிட்ட பிறகு குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கரகரத்தால், அடிக்கடி காய்ச்சலும் சளியும் கண்டால், உடனே டாக்டரிடம் போக வேண்டும். மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தியும், பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரேயை ஓடவிட்டும், எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். வாயால் எதுவும் வேண்டாம் என்று பரிசோதனைக்குப் பின் சொல்லப்பட்டவர்கள் அதை மீறக் கூடாது. பல் பிடுங்கப் போகிறவர்களும் கதிர்வீச்சு எடுத்ததைப் பல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. ஆனால் பரிசோதனை எதுவுமே செய்யாமல், பயத்தின் பேரில் மட்டும் ஒருவரை வருஷக் கணக்கில் கஞ்சியிலேயே வைத்திருப்பதற்கு என்ன பெயர்?

சிகாகோவில் கிராண்ட் அகாட்ஸ் என்று ஒரு பிரபல சமையல் நிபுணர். 2007இல் அவருக்கு நாக்கில் புற்றுநோய். முற்றிய நிலை. கீமோவும் கதிர்வீச்சும் எடுத்தார். நாக்கு பிழைத்தது, ருசி போயிற்று. சமையல்காரனுக்கு ருசி தெரியாவிட்டால் அவன் நிலை என்ன ஆகும்? ஆனாலும் அவர் சமையலறையை விட்டுப் போகவில்லை. ருசி திரும்பியபோது முதலில் இனிப்புதான் வந்ததாம். எனக்கும் அப்படியே. ஒருநாள் காலை காப்பியில் சர்க்கரை அதிகம் என்று நான் சொன்னதும், மனைவி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டாள்.

அதே சிகாகோவைச் சேர்ந்த சினிமா விமரிசகர் ரோஜர் ஈபர்ட்டின் கதை வேறு. 2006இல் தாடையில் செய்த அறுவைக்குப் பின், 2013இல் இறக்கும் வரையில் அவரால் சாப்பிடவோ குடிக்கவோ பேசவோ முடியவில்லை. 2010இல் அவர் இதைப் பற்றி எழுதினார். உணவை இழந்ததைவிட, சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடக்கும் பேச்சையும் சிரிப்பையும் இழந்ததே தனக்குப் பெரிய இழப்பு என்பது அதன் சாரம். எவ்வளவு பயிற்சி செய்தாலும் எல்லோருமே இலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் திரும்ப மாட்டார்கள். அவர்களுக்கும் பந்தியில் ஓர் இடம் வேண்டும். மட்டாஞ்சேரித் தெருவில் இரண்டு பேர் சந்தித்தால் மலையாளி "சோறுண்டோ?" என்பான், நம்மவன் "சாப்பிட்டாச்சா?" என்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூசியே வீட்டுக்குள் அடைந்துகிடப்பவர்களை நான் அறிவேன்.

இந்தக் குறை கேரளத்தில் தீரக்கூடியதே. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் 1996இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியானது. வாயைப் பார்ப்பது எப்படி என்று உலகுக்கே காட்டிக் கொடுத்த ஊர் இது. 2008இல் பாலியேட்டிவ் சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை வகுத்த மாநிலமும் இதுவே. உள்ளாட்சிகளின் மூலம் நர்சுகள் வீடு தேடி வந்து குழாய் மாற்றுகிறார்கள். அவர்களுக்கே விழுங்கும் பயிற்சியின் அடிப்படையையும், எந்த நோயாளியை உடனே மேலே அனுப்ப வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தால் என்ன? பேச்சுப் பயிற்சியில் பட்டம் தரும் 'நிஷ்' நிறுவனம் 1997 முதல் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு தரும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும், முதல் கதிர் பாய்வதற்கு முன்பே நோயாளியை இப்படிப் படித்த ஒருவரிடம் அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து, யாரோ தெரிந்தவர் சொல்லி, தற்செயலாகப் போய்ச் சேரும்படி இருக்கக் கூடாது.

நம் சங்கத்தின் பொங்கல் விருந்துக்கும் இதில் வேலை உண்டு. செயற்குழு அன்பர்கள் கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். தனி மேஜை, தனிப் பந்தி என்றெல்லாம் ஒதுக்கி வைக்க வேண்டாம். பந்தியின் ஒரு கோடியில், யார் வேண்டுமானாலும் உட்காரும்படி, நாலு இலைக்குப் போதுமான அளவில் பதம் மாற்றிப் பரிமாறினால் போதும். மெதுவாகச் சாப்பிடுகிறவனை அடுத்த பந்திக்காக எழுப்பிவிடக் கூடாது. எனக்கு ஒரு சாப்பாட்டுக்கு 45 நிமிஷம் ஆகிறது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் வேண்டும், ஆகவே இலைக்குப் பக்கத்தில் ஒரு சொம்பு வையுங்கள். சமையல்காரரிடம் சொல்ல வேண்டியதும் அதிகமில்லை. ஓலன் ஏற்கெனவே நம் பந்தியில் இருக்கிறது. அதில் பச்சைமிளகாய் கீறிப் போடுவதற்கு முன் ஒரு பாத்திரம் தனியே எடுத்து வைத்து, தட்டைப்பயற்றை மசித்துவிட வேண்டும். பருப்பு நெய்யோடு குழைய இருக்கட்டும். பாயசம் பாலடையானால், அடையைக் கொஞ்சம் மசித்துக் கொடுத்தால் இறங்கும். தயிர்ச்சாதத்தில் அழகுக்காக மாதுளை முத்துத் தூவுகிறார்களே, அந்த நாலு இலைக்கு மட்டும் அது வேண்டாம்.